கைத்தட்டலுக்கு காத்திருந்த கொலைகாரன்: சைட்ஷோ பாப்போட டெரர் லேக் கேஸ், முழுசா

1993 அக்டோபர் 7-ம் தேதி அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல சிம்ப்சன்ஸ்ங்கற கார்ட்டூன் சீரியலோட ஒரு எபிசோட் வந்துச்சு, பேரு 'கேப் ஃபியர்', அஞ்சாவது சீசன்ல ரெண்டாவது. ஜெயில்ல இருந்து வெளிய வந்த ஒரு ஆளு பார்ட்ங்கற பத்து வயசு பையன கொல்றதுக்கு ஊரு ஊரா துரத்திட்டுப் போற கதை, சொல்லிப் பாத்தா சிரிக்க ஒண்ணுமே இல்ல. ஆனா நான் எத்தனை தடவ பாத்தேன்னு கணக்கே கிடையாது, ஒவ்வொரு தடவையும் சிரிச்சு முடிச்ச பிறகு ஒரே கேள்விதான் மண்டைக்குள்ள ஓடும், இவ்ளோ படிச்ச, இவ்ளோ பொறுமையா பிளான் போடுற மனுஷன் கடைசி நிமிஷத்துல ஏன் இப்படி கோட்டை விடுறாரு? போலீஸ் பிடிச்சதாலயா, பார்ட் புத்திசாலிங்கறதாலயா, இல்ல அவருகிட்டயே ஏதாவது ஓட்டை இருக்கா? அத ஒரு கேஸ் ஃபைல் மாதிரி முதல்ல இருந்து பிரிச்சுப் பாக்கலாம்னுதான் இத எழுதுறேன்.

ஆள் யாருன்னா, ராபர்ட் அண்டர்டங்க் டெர்வில்லிகர். ஊருக்கெல்லாம் சைட்ஷோ பாப். பனைமரம் மாதிரி விரிஞ்ச சிவப்பு முடி, ரொம்ப நீளமான பாதம், ஓபரா மேடையில நிக்க வேண்டிய குரல். குரல் கொடுத்தவரு கெல்சி கிராமர், அப்பவே சியர்ஸ் சீரியல்ல ஃப்ரேசியர் கிரேன்ங்கற டாக்டரா நடிச்சு பேர் வாங்கினவரு. இந்த எபிசோட் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி, செப்டம்பர் 16-ம் தேதிதான், அதே டாக்டர் கேரக்டர வச்சு 'ஃப்ரேசியர்'ங்கற அவரோட சொந்த சீரியல் வேற சேனல்ல ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த மாசம் அமெரிக்கா டிவில அந்த ஒரு குரல் ஒரு பக்கம் மனநல டாக்டரா ஆறுதல் சொல்லுது, இன்னொரு பக்கம் சின்னப் பையன வெட்டுவேன்னு நிக்குது.

பாப்போட பழைய வேலை என்னன்னு தெரியாம இந்த கேஸ் புரியாது. கிரஸ்டிங்கற கோமாளி நடத்துற குழந்தைங்க ஷோல இவரு பக்கவாத்தியம், அவ்ளோதான். பேசவே விடமாட்டாங்க, ஒரு ஊதல ஊதித்தான் பதில் சொல்லணும். பீரங்கிக்குள்ள உக்கார வச்சு சுடுவாங்க, மூஞ்சில கிரீம் அப்புவாங்க, பிள்ளைங்க சிரிக்கும். நாடகம், இலக்கியம், சங்கீதம்னு அத்தனையும் உள்ள வச்சிருக்கிற ஒரு ஆளு தினமும் ஆயிரக்கணக்கான பிள்ளைங்க முன்னாடி வாய் திறக்காம நிக்கிறாரு. அந்தப் பிள்ளைங்க கூட்டத்துல ஒருத்தன்தான் பார்ட் சிம்ப்சன்.

1990 ஏப்ரல்ல வந்த எபிசோட்ல பாப் அந்த நிலைமைய மாத்தப் பாக்குறாரு. கிரஸ்டி வேஷம் போட்டு குவிக்-ஈ-மார்ட் கடைல கொள்ளையடிச்சு பழிய கிரஸ்டி மேல போட்டுட்டு ஷோவ கையில எடுத்துக்கிறாரு. எடுத்து என்ன பண்றாருன்னா பிள்ளைங்களுக்கு கதை வாசிச்சுக் காட்டுறாரு! ஷோவும் நல்லாவே போகுது. பார்ட் மட்டும் கிரஸ்டி குத்தவாளினு நம்பல. கொள்ளையடிச்சவன் கடைல நின்னு பத்திரிகை வாசிச்சான், கிரஸ்டிக்கு எழுதப் படிக்கவே தெரியாது. கொள்ளையடிச்சவன் மைக்ரோவேவ் ஓவன போட்டான், கிரஸ்டி நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவரு, அது பக்கத்துலயே போகக்கூடாது. எல்லாத்தையும் விட முக்கியமானது பாதம், பார்ட்டோட அப்பா ஹோமர் கொள்ளைக்காரனோட ஷூ முனைய மிதிச்சப்ப அவன் வலில கத்தினான், கிரஸ்டிக்கு பாதம் சின்னது, அந்தப் பெரிய ஷூவுக்குள்ள முன் பக்கம் காலியாத்தான் இருக்கும். அப்ப பெரிய பாதம் யாருக்கு? பார்ட் நேரலை நிகழ்ச்சியிலேயே மேடை ஏறி பாப்போட பாதத்துல சுத்தியால ஒரு போடு போட்டு நிரூபிச்சிடுறான்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, போலீஸ் கண்டுபிடிக்காதத அந்தப் பையன் கண்டுபிடிச்சதுக்கு காரணம் அவன் தினமும் விடாம அந்த ஷோவ பாத்தவன், அவ்ளோதான். ரசிகன். கை விலங்கோட போறப்பக்கூட பாப் கத்திட்டே போறாரு, குழந்தைங்கள சமமா நடத்துங்க, நீங்க நினைக்கிறத விட அவங்க புத்திசாலிங்க, என்னையே பிடிச்சிட்டாங்களேனு. தோத்த நிமிஷத்துலயும் அவரு கேமராவப் பாத்துத்தான் பேசுறாரு.

அடுத்தது 1992 ஏப்ரல், ரெண்டாவது கேஸ். ஜெயில்ல இருந்தபடியே பார்ட்டோட பெரியம்மா செல்மாவுக்கு லெட்டர் எழுதி காதலிச்சு கல்யாணமும் பண்ணிக்கிறாரு, ஹனிமூன் ரூம்ல எரிவாயுவ திறந்து விட்டுட்டு செல்மா சிகரெட் பத்த வைக்கட்டும்னு காத்திருக்காரு. செல்மாவுக்கு சின்ன வயசுலயே வாசனை அறியுற சக்தி போயிடுச்சு, அதனால எரிவாயு வாடை தெரியாது. சிகரெட்டையும் சாப்பாட்டுக்குப் பின்னாடியும் தனக்குப் பிடிச்ச டிவி சீரியல் முடிஞ்ச பின்னாடியும் மட்டும்தான் பிடிப்பேன்னு கல்யாணத்தப்ப வாக்கு கொடுத்திருக்கா. அந்த சீரியல் பாப்புக்கு கொஞ்சமும் ஆகாது, அத சாக்கா வச்சு வெளிய போயிடுறாரு. இந்த சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் சேத்துப் பாத்து பார்ட் முடிச்சு போட்டுடுறான். ரெண்டாவது தடவையும் அதே பையன், அதே மாதிரி கவனிச்சுப் பாத்தே பிடிக்கிறான். இதுக்கப்புறம் பாப்புக்கு கிரஸ்டியெல்லாம் ரெண்டாம்பட்சம் ஆயிடுறாரு.

இப்ப நம்ம கேஸ்.

பார்ட்டுக்கு ரத்தத்துல எழுதின லெட்டர் வர ஆரம்பிக்குது, உன்னக் கொல்லப் போறேன்னு. அந்த வீட்ல ஒரு பையன் எவ்ளோ தனியா இருக்கான்னு அடுத்த சில நிமிஷத்துல காட்டிடுறாங்க. டீச்சர் வந்து நீதான் கொலையாகப் போறன்னு சொல்றாங்க, ஸ்கூல் நாடகத்துலனு அப்புறம்தான் சேத்து சொல்றாங்க. பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸ் விரல்ல கத்தி மாட்டிட்டு வேலி செடி வெட்டிட்டு நிக்கிறாரு. எல்லாரையும் விட மோசம் சொந்த அப்பா, ராத்திரி பெரிய கத்தியோட ரூமுக்குள்ள பாய்ஞ்சு வந்து கேக் வேணுமாடானு கேக்குறாரு, கொஞ்ச நேரம் கழிச்சு முகமூடியும் செயின் ரம்பமுமா வந்து புதுசா வாங்கினேன் பாருன்னு காட்டுறாரு. ஹோமர் மனசுல துளி கெட்ட எண்ணம் இல்ல, பையன் பயந்து சாகுறான்ங்கறது மண்டைல ஏறல, அவ்ளோதான். அந்த லெட்டர்ல ஒண்ணே ஒண்ணு பென்சில்ல எழுதினது, அத எழுதினதும் ஹோமர்தான், தன் பின்பக்கத்துல பார்ட் செஞ்ச ஒரு குறும்புக்கு கோவப்பட்டு! சிரிக்க வைக்கிற விஷயம்தான், ஆனா கேஸா பாத்தா அந்தப் பையன சுத்தி பாதுகாப்புனு ஒண்ணுமே இல்லங்கறதுக்கு இதுதான் முதல் சாட்சி.

கேமரா ஜெயிலுக்குப் போகுது. பாப் தன் விரல அறுத்து அந்த ரத்தத்துலதான் எழுதிட்டு இருக்காரு, பக்கத்துல இருக்கிற ஸ்நேக்ங்கற கைதி பொறுக்காம ஒரு பேனாவ எடுத்துக்கோயானு சொல்றான். எழுதி முடிச்சதும் ரத்தம் போய் மயங்கி விழுறாரு. இங்கயே ஆளோட ஜாதகம் தெரிஞ்சிடுது. கொல்றதுக்கு லெட்டரே தேவையில்ல, எச்சரிக்கை கொடுத்தா இரை உஷாராயிடும், அது எந்த வேட்டைக்காரனுக்கும் தெரியும். பாப்புக்கு ஆனா அந்தப் பையன் தெரிஞ்சுக்கணும், பயப்படணும், இது யாரு கைவண்ணம்னு யோசிக்கணும். பேனா மையில எழுதினா அதுல கலை எங்க இருக்கு?

பரோல் விசாரணை, அதாவது தண்டனை முடியறதுக்கு முன்னாடியே விடலாமானு முடிவு பண்றது, இந்தக் கேஸ்ல தனியா நின்னு பாக்க வேண்டிய இடம். அவரு நெஞ்சுல 'Die Bart, Die'னு பச்சை குத்தியிருக்கு, சாவு பார்ட் சாவுனு இங்கிலீஷ்ல படிக்கலாம். அதக் கேட்டதும் பாப் அமைதியா சொல்றாரு, அது இங்கிலீஷ் இல்ல, ஜெர்மன், அதே எழுத்துக்கூட்டல்ல ஜெர்மன்ல அது வெறும் சுட்டுச்சொல், 'அந்த பார்ட் அந்த'னுதான் அர்த்தம்னு. போர்டுல இருக்கிற அம்மா உருகிடுறாங்க, ஜெர்மன் பேசுற யாரும் கெட்டவனா இருக்க முடியாதுன்னு சொல்லி பரோல் கொடுத்துடுறாங்க. இருபதாம் நூற்றாண்டோட சரித்திரம் தெரிஞ்ச யாரும் அந்த வரிய கேட்டுட்டு சும்மா இருக்க முடியாது. இன்னொண்ணும் இருக்கு, ஜெர்மன்ல ஆம்பளைப் பேருக்கு முன்னாடி அந்தச் சுட்டுச்சொல் வரவே வராது, 'டெர்'னுதான் வரும், பார்ட்ங்கற வார்த்தைக்கே ஜெர்மன்ல தாடினு அர்த்தம் உண்டு, அதுக்கும் 'டெர்'தான். அப்ப பாப் சொன்ன ஜெர்மனே தப்பு ஜெர்மன். அந்த அறைல ஒரே ஒரு ஆளுக்கு அரைகுறையா ஜெர்மன் தெரிஞ்சிருந்தாக்கூட ஆள் அன்னிக்கே மாட்டியிருப்பாரு. நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, படிச்ச தோரணை, இந்த மூணையும் கண்டா கேள்வி கேக்காம கதவத் திறந்து விடுற பழக்கம் அந்த ஊருக்கு மட்டும் உள்ளதா என்ன? எனக்கு இந்த சீன் சிரிப்ப விட கோவத்ததான் அதிகமா கிளப்பும்.

வெளிய வந்ததும் நேரா ஒளிஞ்சு போய் காரியத்த முடிக்கலாம்ல, மாட்டாரு. சிம்ப்சன் குடும்பம் போற சினிமா தியேட்டர்லயே முன் சீட்ல உக்காந்து சுருட்டு ஊதிட்டு சத்தமா சிரிச்சு, தான் வந்துட்டேன்னு காட்டிக்கிறாரு. அப்புறம் தெருவுல ஒலிபெருக்கி வச்ச வண்டி ஓட்டிட்டுப் போய் பின்வரும் நபர்கள் என்னால் கொல்லப்பட மாட்டார்கள்னு பேர் வாசிக்கிறாரு. ஃப்ளாண்டர்ஸ் பேரு, அவரு வீட்டம்மா பேரு, ஹோமர், பார்ட்டோட அம்மா மார்ஜ், தங்கச்சி லிசா, அந்தக் குட்டிப் பாப்பா. முடிஞ்சது. பார்ட் பேரு மட்டும் இல்ல. கொலை மிரட்டலையே ஒரு அறிவிப்பு நிகழ்ச்சியா மாத்தத் தெரிஞ்ச ஆளு வேற யாரும் இல்ல.

மார்ஜ் போலீஸ்கிட்ட போறாங்க. சீஃப் விக்கம், மிரட்டல் லெட்டர் அனுப்புறது சட்டப்படி குத்தம் இல்லம்மானு சொல்றாரு. குத்தம்தான் சார்னு மார்ஜ் சொல்ல, சட்டத்த எனக்கே சொல்லித் தர்றியானு எகிறுறாரு, அப்புறம் புத்தகத்த பாத்த கூட இருக்கிற போலீஸ்காரரே அந்தம்மா சொல்றது சரி சீஃப்ங்கறாரு. அப்பவும் ஒண்ணும் நடக்கல. ஹோமர் ஒரு ஆள பிடிச்சு பாப்ப மிரட்டி ஊர விட்டு அனுப்புனு காசு கொடுக்கிறாரு, அந்த ஆளோ போயிடேன், போனா நண்பனா இருப்பேன்னு கெஞ்சிட்டு திரும்பி வந்துடுறாரு.

கடைசியா எஃப்பிஐ. சாட்சிகள வேற ஊர்ல வேற பேர்ல குடி வைக்கிற திட்டம் நிஜமாவே அமெரிக்காவுல உண்டு, அதுல இவங்களுக்கு தாம்சன்ங்கற பேரும், டெரர் லேக்ங்கற ஏரில ஒரு படகு வீடும் கிடைக்குது. அதிகாரி ஹோமர்கிட்ட, ஹலோ மிஸ்டர் தாம்சன்னு நான் சொல்வேன், நீங்க தலையாட்டணும்னு சொல்லித் தர்றாரு. அரை நாளா சொல்லிக் கொடுக்கிறாங்க, கடைசில காலையே மிதிச்சு சிக்னல் கொடுக்கிறாங்க, ஹோமர் பக்கத்துல இருக்கிற ஆளப் பாத்து உங்களத்தான் கூப்புடுறாருன்னு நினைக்கிறேன்னு மெதுவா சொல்றாரு. இதுவரைக்கும் டிவில வந்த காமெடில எனக்கு ரொம்பப் பிடிச்ச அரை நிமிஷம் இதுதான், இதுல யாரும் யாரையும் மட்டம் தட்டல, ரெண்டு பக்கமும் உண்மையாவே முயற்சி பண்றாங்க, முடியல.

புது ஊருக்கு கார்ல போறப்ப ஒரு சின்ன விஷயம் நடக்குது, முதல் தடவ பாக்குறப்ப யாரும் கவனிக்க மாட்டோம். எஃப்பிஐ கலைக்குழு பாடின கில்பர்ட் அண்ட் சல்லிவன் இசை நாடகப் பாட்டு கேசட் ஓடிட்டு இருக்கு, குடும்பமே கூடப் பாடிட்டு வருது. கடைசில உயிரக் காப்பாத்தப் போற விஷயத்த இங்கயே நட்டு வச்சிட்டாங்க. கூலா, நடுவுல, வேற ஜோக் மாதிரி.

அதே காருக்கு அடியில பாப் தன்னக் கட்டிக்கிட்டு தொங்கிட்டு வர்றாரு. மூலப் படத்துல இதே காட்சி உண்டு, 1962-ல வந்த கேப் ஃபியரும் 1991-ல மார்ட்டின் ஸ்கார்செசி மறுபடி எடுத்ததும்தான் இந்த எபிசோடுக்கு அடிப்படை, சினிமா தியேட்டர் சுருட்டு, உடம்பு பூரா டாட்டூ, படகு எல்லாமே ரெண்டாவது படத்துல ராபர்ட் டி நீரோ பண்ணினது. பெர்னார்ட் ஹெர்மன் 1962-ல போட்ட அந்த நாலு அடி இசையக்கூட சிம்ப்சன்ஸ் இசையமைப்பாளர் ஆல்ஃப் கிளாசன் எடுத்து பாப் வர்றப்பல்லாம் போடுறாரு, அதக் கேட்டா இப்பவும் முதுகுத்தண்டு சில்லுனு ஆகும். டாட்டூல ஒரு நுணுக்கம், விரல் முட்டில காதல் வெறுப்புனு எழுதுறது வில்லனுங்களோட பழைய வழக்கம், சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் ஆளுங்களுக்கு கட்டைவிரல் போக மூணு விரல்தான், அதனால ரெண்டு வார்த்தையையும் எழுத்த சுருக்கி மூணு மூணா குத்தியிருக்காரு. எழுத்துப் பிழை வரக்கூடாதுனு உச்சரிப்புக்கோடு வேற போட்டிருக்காரு. படிச்ச வில்லன்யா.

காருக்கு அடியில தொங்குறவருக்கு என்னென்ன நடக்குதுனு கேட்டா, ஸ்பீட் பிரேக்கர், சூடான காபி, கள்ளிக்காடு. சாதாரண ரோடு இருக்கிறப்ப ஹோமர் கள்ளிச்செடிக்கு நடுவுல ஓட்டலாம்னு ஆசைப்படுறாரு. அப்புறம் டெரர் லேக் வந்து சேந்து காருக்கு அடியில இருந்து எழுந்து நிக்கிறாரு.

அந்த இடத்துலதான் ரேக் சீன் வருது.

தோட்டத்துல சருகு வாருவாங்கல்ல, நீளக் கம்புல இரும்புப் பல்லு வச்ச வாரி. பல்லு மேல கால வச்சா கம்பு எகிறி மூஞ்சில அடிக்கும். பாப் எழுந்து ஒரு அடி வைக்கிறாரு, மூஞ்சில அடி, ஒரு நடுக்கத்தோட முனகல். திரும்புறாரு, இன்னொரு வாரி. மறுபடி முனகல். மொத்தம் 9 தடவ. கேமரா மேல இருந்து காட்டுறப்பதான் தெரியுது, அவர சுத்தி எல்லா பக்கமும் வாரி.

இது எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு சுவாரசியம். எபிசோட் எடுத்து முடிச்சா நேரம் பத்தல, ஒளிபரப்புற அளவுக்கு நீளம் இல்ல, அப்ப இந்த சீன இழுத்தாங்க. ஆரம்பத்துல குடும்பம் ஓடி வந்து சோபால உக்கார்ற வழக்கமான காட்சியக்கூட அதுக்காகவே நீளமான சர்க்கஸ் அணிவகுப்பா போட்டாங்க. கிராமர் ஒரு முனகல்தான் பதிவு பண்ணிக் கொடுத்தாரு, அத அப்படியே திரும்பத் திரும்ப போட்டாங்க. எழுதினவரு ஜான் விட்டி, டைரக்ட் பண்ணினவரு ரிச் மூர், ஷோவ நடத்தினது ஆல் ஜீனும் மைக் ரீஸும், ஆரம்ப காலத்து எழுத்தாளர் குழு கலைஞ்சு போறதுக்கு முன்னாடி சேந்து செஞ்ச கடைசி வேலை இது, நாலாவது சீசனுக்கு தயாராகி அஞ்சாவதுக்கு தள்ளி வச்சது. ஆக நேரம் நிரப்ப போட்ட அரை நிமிஷம் அது. மூணாவது அடி வரைக்கும் சிரிப்போம், அஞ்சாவதுல போதும்டானு இருக்கும், ஏழாவதுல மறுபடி அடக்க முடியாம வரும். முதல் தடவ பாத்தப்ப வீட்ல எல்லாரும் தூங்கிட்டு இருக்க நான் வாய பொத்திக்கிட்டு சிரிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கேஸா பாத்தா அது நிரப்பல் இல்ல. அந்தப் பெரிய பாதம்தான் 1990-ல அவரக் காட்டிக் கொடுத்துச்சு. ஒவ்வொரு வாரியையும் மிதிக்கிறதும் அதே பாதம். அந்த ஒன்பது அடியிலயும் பாப் குனிஞ்சு ஒரு வாரிய எடுத்து ஓரமா போடணும்னு நினைக்கல பாருங்க, தலை நிமிர்ந்தே நடக்கிறாரு. கீழ பாக்குறது அவரு குணத்துலயே இல்ல.

பகல்லயே பார்ட்ட ஒரு தடவ நேருக்கு நேர் பாத்து மிரட்டுறாரு, பேசிட்டே இருக்கும்போது யானை ஊர்வலம் வந்து அவரு மேலயே நடந்து போயிடுது. ராத்திரி படகு கட்ட அவுத்து விட்டு, குடும்பத்தக் கட்டிப்போட்டு, கத்தியோட பார்ட் முன்னாடி நிக்கிறாரு. ஒரு பக்க தண்ணியில முதலை, இன்னொரு பக்கம் மின்சார விலாங்கு. பையன் கத்தினா கேக்க ஒருத்தரும் இல்ல. பிளான் நூத்துக்கு நூறு ஜெயிச்சிடுச்சு, அத சும்மா சொல்லல, அந்த நிமிஷத்துல தடுக்கிறதுக்கு உலகத்துல யாருமே இல்ல.

கடைசி ஆசை ஏதாவது உண்டாப்பானு பாப் கேக்குறாரு. பார்ட் ஒண்ணு இருக்கு, ஆனா வேணாம்னு இழுக்குறான். சும்மா சொல்லுனு வற்புறுத்துறாரு. உங்க குரல் ரொம்ப அழகா இருக்கு, எச்எம்எஸ் பினஃபோர் முழுசா பாடிக் காட்டுவீங்களானு கேக்குறான். சரி, நரகத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி உன்ன சொர்க்கத்துக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டு பாட ஆரம்பிச்சிடுறாரு.

பினஃபோர் 1878 மே 25-ம் தேதி லண்டன்ல மேடை ஏறின, அதே கில்பர்ட் அண்ட் சல்லிவனோட இசை நாடகம், முதல் ஓட்டத்துலயே 571 தடவ நடந்துச்சு. ரெண்டு அங்கம், மேடைல சுமார் ஒன்றரை மணி நேரம். எத்தனை கேரக்டரு, கேப்டன், மாலுமிங்க, காதலி, சேர்ந்திசைக் கூட்டம்! எல்லாரையும் பாப் ஒரே ஆளா பாடுறாரு, ஆடுறாரு, கடைசில பிரிட்டன் கொடிய பின்னாடி விரிச்சு உச்சத்துக்குப் போறாரு. பார்ட் உக்காந்து பாக்குறான். இத பல பேரு தந்திரம்னு மட்டும் சொல்வாங்க. பார்ட் அப்பதான் ஆத்தோரம் சொந்த ஊரான ஸ்ப்ரிங்ஃபீல்ட் 15 மைல்னு போர்டு பாத்திருக்கான், அதாவது 24 கிலோமீட்டர், படகு தானா மிதந்து போகுது, அந்த நேரத்த ஓட்டணும். ஒன்றரை மணி நேரத்துல 24 கிலோமீட்டர்னா ஆறு நல்ல வேகமா ஓடணும், துணிஞ்சு போட்ட கணக்குதான். ஆனா கணக்க விட பெருசு, பார்ட் இந்த மனுஷன்கிட்ட இல்லாதது என்னன்னு தெரிஞ்சு வச்சிருக்கான். வருஷக் கணக்கா ஊதல் மட்டும் ஊதிட்டு நின்ன ஆளுக்கு முழுசா உக்காந்து கேக்குற ஒரு ஆள் தேவை. அத இவன் கொடுத்தான். நிஜமாவே கொடுத்தான். பயத்துலயும் அந்தப் பையன் நல்ல ரசிகனா உக்காந்திருந்ததாலதான் பாப் கடைசி வரி வரைக்கும் பாடினாரு, பாதில நிறுத்தணும்னு அவருக்குத் தோணவே இல்ல.

பாடி முடிச்சு கத்திய ஓங்குறப்ப படகு கரைல மோதுது. தப்பிச்சுப் போகப் பாத்தா எதிர்ல போலீஸ், அதுவும் அந்த இடம் ஒரு விபச்சார விடுதி, சீஃப் விக்கமும் ஆளுங்களும் குளியல் அங்கியோட நிக்கிறாங்க. அவங்க அங்க எதுக்கு இருந்தாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. போலீஸ் இந்தக் கேஸ்ல செஞ்ச ஒரே உருப்படியான காரியம் தப்பான இடத்துல இருந்ததுதான். கூட்டிட்டுப் போங்கனு உத்தரவு போட்டதுகூட பார்ட், சீஃப் அத சொல்லப் போய் வாய் குளறி, கடைசில பையன் சொன்னத செய்யுங்கடாங்கறாரு.

மூலப் படத்தோட வச்சுப் பாத்தா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 1991 படத்துல வில்லன் துரத்துறது தனக்காக வாதாடின வக்கீலத்தான், அந்த வக்கீல் தன் கட்சிக்காரனுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு ஆவணத்த மறைச்சிடுறாரு, அதனால வில்லனோட கோவத்துக்கு ஒரு நியாயம் ஒட்டிட்டு இருக்கும், நாம நெளிஞ்சுட்டே பாப்போம். இங்க பார்ட் பண்ணின தப்பு என்ன? ஒரு நிரபராதிய ஜெயில்ல இருந்து வெளிய கொண்டு வந்தான், பெரியம்மா உயிரக் காப்பாத்தினான். பாப்போட பழிவாங்கல்ல அநியாயம் நடந்ததுக்கான வலி கிடையாது, தன் நிகழ்ச்சிய பாதில நிறுத்திட்டாங்கற வலிதான் இருக்கு. அதனாலதான் பினஃபோர பாதில நிறுத்த முடியல அவரால. என் மொத்த வாதமும் இதுதான்.

இந்த ஒரு கேஸ வச்சு இப்படி சொல்லலாமானு கேப்பீங்க, பின்னாடி வந்ததையும் பாருங்க. 1994-ல செத்தவங்க பேர்லயெல்லாம் ஓட்டு போட வச்சு மேயர் ஆயிடுறாரு, கோர்ட்ல பார்ட்டும் லிசாவும் ஆதாரத்த காட்டி ஜெயிக்கல, உங்களுக்கு இவ்ளோ மூளை கிடையாது, பின்னாடி இருந்து வேற ஆளு உங்கள பொம்மையா ஆட்டி வைக்கிறாருன்னு சீண்டுறாங்க. தாங்குவாரா? எல்லாம் நானேதான் பண்ணேன்னு தன் கையாலயே கணக்குப் புத்தகத்த எடுத்துக் கொடுத்துடுறாரு. 1995-ல அணுகுண்ட திருடிட்டு ஊருல டிவிய நிறுத்தச் சொல்லி மிரட்டுறாரு, அத பெரிய திரைல தோன்றிப் பேசித்தான் சொல்றாரு, குரல் கீச்சுனு இருக்கிறத வச்சு ஹீலியம் நிரப்பின பலூன் கப்பல்ல ஒளிஞ்சிருக்காருன்னு லிசா கண்டுபிடிச்சிடுறா. பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. 1997-ல தம்பி செசில் வர்றான், அவனுக்கு குரல் டேவிட் ஹைட் பியர்ஸ், ஃப்ரேசியர்ல கிராமருக்குத் தம்பியா நடிச்ச அதே ஆளு. அந்த ஒரு தடவ பாப் நிஜமாவே திருந்தி பார்ட்ட காப்பாத்துறாரு, அப்பவும் ஜெயில்ல போடுறாங்க. அவரு நல்லவரா இருந்த நாள்ல நம்பாத ஊரு, ஜெர்மன் பேசின நாள்ல நம்புச்சு.

கிராமருக்கு இந்தக் குரலுக்காக 2006-ல அமெரிக்க டிவியோட பெரிய விருதான எம்மி கிடைச்சுது, இத்தாலில பாப் குடும்பம் நடத்துற எபிசோடுக்கு. நியாயமான விருது. ஆனா என்னைக் கேட்டா அந்தப் படகு மேல பாடினதுக்கே கொடுத்திருக்கணும்.

இதே எபிசோட 2012-ல ஆன் வாஷ்பர்ன்ங்கற நாடக ஆசிரியர் எடுத்து வாஷிங்டன்ல மேடை ஏத்தினாங்க. மின்சாரம் எல்லாம் போய் உலகம் இருண்ட பிறகு, உயிரோட இருக்கிறவங்க நெருப்ப சுத்தி உக்காந்து கேப் ஃபியர் எபிசோட நினைவுல இருந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிப் பாக்குறாங்க, அடுத்து அது என்ன வசனம், அந்த இடத்துல யாரு என்ன சொன்னாங்கனு. 75 வருஷம் கழிச்சு அது புராணம் மாதிரி ஆயிடுது. எத்தனையோ எபிசோட் இருக்க இத ஏன் எடுத்தாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஒரு கொலைகாரனையே பாட வச்சு பொழுத ஓட்டி விடியிற வரைக்கும் உயிரோட இருக்கிற கதை அது, இருட்டுல உக்காந்திருக்கிறவங்களுக்கு வேற எந்தக் கதை வேணும்?

2002 டிசம்பர்ல வந்த எபிசோட்ல பாப்புக்கு மறுபடி வாய்ப்பு கிடைக்குது. பார்ட் முன்னாடி, கையில ஆயுதம், தடுக்க ஆளில்ல. முடியல அவரால. உன் முகம் எனக்குப் பழகிப் போச்சேனு பாட ஆரம்பிச்சிடுறாரு. 2015 ஹாலோவீன் ஸ்பெஷல்ல, வழக்கமான கதையோட சேராத ஒரு தனிக் கதைல, கொன்னே போட்டாரு. 24 வருஷத்துக்கும் மேல காத்திருந்த வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னே தெரியல, செத்தவங்கள எழுப்புற ஒரு மெஷின வச்சு பார்ட்ட எழுப்புறாரு, கொல்றாரு, மறுபடி எழுப்புறாரு.